ஒட்டகச்சிவிங்கிக்கு அனுமதி, இறாலுக்குத் தடை! கோஷர் பற்றி இதெல்லாம் தெரியுமா?

வெட்டுக்கிளியில் சில வகைகளைச் சாப்பிடலாம். இறாலைத் தொடக் கூடாது. தேனீ ஆகாது, தேன் ஆகும்! முட்டையைப் பாலோடு சேர்த்துச் சாப்பிடலாம். அந்த முட்டையை இட்ட கோழியைப் பாலோடு சேர்க்கவே கூடாது. பன்றி இறைச்சி கூடாது என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் பன்றியே இல்லாமல் செடியிலிருந்து செய்த 'பன்றி இறைச்சி'க்கும் முத்திரை மறுத்தார்கள் என்பது தெரியுமா?

யூதர்களின் உணவு விதிகளுக்குக் கஷ்ருத் என்று பெயர். அந்த விதிகளுக்குப் பொருந்தி வரும் உணவு கோஷர். யூத வேதமான தோராவில் சில வரிகளாகத் தொடங்கி, மதகுருமாரான ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்முத்தில் வளர்ந்து, இன்று பன்னாட்டு பிஸ்கட் தொழிற்சாலைகள் வரை வந்து நிற்கிறது இந்த விதித் தொகுப்பு. உள்ளே நுழைந்து பார்த்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகத் திறப்போம்!

நான்கு கால் பிராணிக்கு இரண்டே இரண்டு சோதனை!

குளம்பு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும்; அசைபோட வேண்டும். இரண்டும் இருந்தால் தேர்ச்சி, ஒன்று குறைந்தாலும் தோல்வி. மாடு, ஆடு, மான் எல்லாம் தேறிவிடும். தோராவின் லேவியராகமம் 11ஆம் அதிகாரம், ஓர் அடையாளம் மட்டும் உள்ள நான்கு பிராணிகளைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. ஒட்டகம், குழிமுசல், முயல் ஆகியவை அசைபோடும் கூட்டத்தில் வைக்கப்பட்டு, குளம்பு பிளவுபடாததால் விலக்கப்படுகின்றன. பன்றி இதற்கு நேர் எதிர்: குளம்பு பிளந்திருக்கிறது, அசைபோடுவதில்லை!

அப்படியானால் ஒட்டகச்சிவிங்கி? குளம்பு பிளந்திருக்கிறது. அசையும் போடுகிறது. ஆக, அடையாளத்தின்படி ஒட்டகச்சிவிங்கி கோஷர் பிராணிதான்! அவ்வளவு நீளக் கழுத்தில் எந்த இடத்தில் அறுப்பது என்று தெரியாததால்தான் சாப்பிடுவதில்லை என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கதை. கழுத்து நீளமாக நீளமாக அறுக்கத் தகுந்த இடமும் கூடுகிறதே தவிர குறைவதில்லை!

மீனுக்கு அறுக்கும் விதியே இல்லை தெரியுமா?

ஆட்டுக்கும் கோழிக்கும் எத்தனையோ கட்டுப்பாடுகள். மீனுக்கோ துடுப்பும் செதிலும் இருந்தால் போதும்! அறுக்கும் முறை கிடையாது, உப்பிட்டு ரத்தம் வடிக்கவும் தேவையில்லை. மத்தி, நெத்திலி, கெண்டை, சங்கரா எல்லாம் தட்டுக்கு வரலாம். சுறா, விலாங்கு, கெளுத்தி, இறால், நண்டு, கணவாய், சிப்பி எதுவும் வர முடியாது.

செதில் இருந்தால் மட்டும் போதாது, தோலைக் கிழிக்காமல் அது உரிந்து வர வேண்டும். விலை உயர்ந்த கருப்பு கேவியர் பெரும்பாலான யூதர்களின் மேசைக்கு வராததற்குக் காரணமே இதுதான். அதைத் தரும் ஸ்டர்ஜன் மீனின் செதில் அப்படி எளிதில் உரியாது. ஆர்த்தடாக்ஸ் பிரிவு ரபிகள் அந்த மீனை ஏற்பதில்லை; கன்சர்வேட்டிவ் பிரிவினரோ ஏற்கிறார்கள். ஒரு மீனின் செதிலை வைத்து எவ்வளவு ஆழமான விவாதம் பாருங்கள்!

வெட்டுக்கிளி விருந்து, தேனின் விடுதலை!

பறவைகளுக்குத் தோரா அடையாளம் சொல்லவில்லை. கூடாத பறவைகளின் பட்டியலைத் தருகிறது. அதில் கழுகு, பருந்து, ஆந்தை போன்றவை வரும். அந்தப் பழைய பெயர்கள் சில எந்தப் பறவையைக் குறிக்கின்றன என்பதே உறுதியாகத் தெரியாததால், முன்னோர் சாப்பிட்டு வந்த பறவைகளை மட்டும் சாப்பிடுவது என்று வழக்கமாயிற்று. கோழி, வாத்து எல்லாம் அப்படி நிலைத்தவை. வான்கோழி அமெரிக்காவில் கண்டறியப்பட்ட பறவை. எந்த முன்னோரும் அதைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் இன்று யூத வீடுகளில் அது தாராளமாகப் பரிமாறப்படுகிறது!

பூச்சிகள் எல்லாமே விலக்கு என்று நினைத்தால், அங்கும் வியப்பு. லேவியராகமம் நான்கு வகை வெட்டுக்கிளிகளை அனுமதிக்கிறது. எவை அந்த நான்கு என்ற நினைவு பெரும்பாலான சமூகங்களில் அற்றுப்போக, ஏமன் நாட்டு யூதர்கள் போன்ற சிலர் மட்டும் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்து வந்தார்கள்.

தேனின் கதை இன்னும் சுவை. கூடாத பிராணியின் பாலும் முட்டையும் கூடாது என்பது பொது விதி. தேனீ கூடாத பூச்சி. பிறகு தேன் எப்படி? தால்முத் இதற்கு விடை சொல்கிறது: தேனீ பூவிலிருந்து தேனைக் கொண்டு வருகிறது, அது தேனீயின் உடலில் ஊறிய சுரப்பு இல்லை. யூதப் புத்தாண்டில் ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்துச் சாப்பிடும் இனிய வழக்கம் இந்தத் தீர்ப்பின் பலத்தில்தான் நிற்கிறது!

நகத்தில் சோதிக்கும் கத்தி!

யார் வேண்டுமானாலும் அறுத்துவிட முடியாது. ஷோஹெத் என்ற பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். சட்டம் படித்து, தேர்வு கொடுத்து, ஒழுக்கத்திலும் நல்ல பெயர் எடுத்திருக்க வேண்டும். அவருடைய கத்தியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். செவ்வக வடிவம், கூர்நுனி கிடையாது, அலகு கண்ணாடி போல வழவழவென்று இருக்கும். அறுப்பதற்கு முன் அலகை விரல் சதையிலும் நகத்திலும் வைத்து மெதுவாக இழுத்துப் பார்க்கிறார். கண்ணுக்குத் தெரியாத சிறு பிசிறு நகத்தில் தட்டுப்பட்டால் கத்தியை வைத்துவிட வேண்டும். மறுபடியும் தீட்ட வேண்டும். அறுத்து முடித்த பிறகும் சோதனை உண்டு. அப்போது பிசிறு தெரிந்தால் அந்தப் பிராணி கோஷர் கிடையாது, அவ்வளவுதான்!

அறுக்கும்போது ஐந்து பிழைகள் வரவே கூடாது. நடுவில் நிறுத்தக் கூடாது. அழுத்தக் கூடாது. கத்தி தோலுக்கோ ரோமத்துக்கோ அடியில் மறையக் கூடாது. குறித்த இடத்தைவிட்டு விலகக் கூடாது. வெட்டுவதற்குப் பதிலாகக் கிழித்துவிடக் கூடாது. பிராணிக்கு வலி மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுப்பாடுகளின் உயிர் என்று யூத அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

நெகிழ வைக்கும் ஒரு விதியும் இங்கே இருக்கிறது. பறவையையோ மான் போன்ற காட்டுப் பிராணியையோ அறுத்தால், சிந்திய ரத்தத்தை மண்ணால் மூட வேண்டும். போன உயிருக்குச் செய்யும் மரியாதை!

நுரையீரலில் ஒரு தேர்வு, தொடையில் ஒரு தேர்வு

அறுத்தாயிற்று, முடிந்தது என்று நினைக்காதீர்கள்! பிராணிக்கு உள்ளே உயிர்போக்கும் நோயோ காயமோ இருந்ததா என்று பார்க்க வேண்டும். மாட்டின் நுரையீரலைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் காற்றடைத்துத் தண்ணீரில் வைத்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். குமிழி வந்தால் ஓட்டை. ஓட்டை என்றால் தள்ளுபடி. நுரையீரல் ஒட்டுதல் ஏதுமின்றி வழுவழுப்பாக இருந்தால் அந்த இறைச்சிக்குக் 'கிளாட்' என்று பெயர். கடைப் பலகைகளில் 'கிளாட் கோஷர்' என்று எழுதியிருப்பதன் பின்னணி இந்த நுரையீரல்தான்!

அடுத்தது தொடை நரம்பு. ஆதியாகமத்தில் யூதர்களின் முன்னோரான யாக்கோபு ஓர் இரவு முழுக்க ஒரு தூதனோடு மல்லுக்கட்டுகிறார். விடியும்போது அவர் தொடைச் சந்து சுளுக்கிக்கொள்கிறது. அதன் நினைவாக இன்றுவரை அந்த நரம்பைச் சாப்பிடுவதில்லை. பின்பகுதியிலிருந்து அந்த நரம்பையும் கூடாத கொழுப்பையும் பிரித்தெடுப்பது மிக நுணுக்கமான வேலை. இஸ்ரேலில் அதைச் செய்யும் தேர்ந்த ஆட்கள் உண்டு. வேறு பல நாடுகளில் பின்பகுதியை அப்படியே பொதுச் சந்தைக்கு விற்றுவிடுகிறார்கள். ஓர் இரவு மல்யுத்தத்தின் விளைவு இன்றைய இறைச்சிச் சந்தை வரை நீள்கிறது!

கல் உப்பு செய்யும் வேலை!

ரத்தம் உயிரின் இருப்பிடம். அதைச் சாப்பிடக் கூடாது என்பது தோராவின் உறுதியான கட்டளை. அதனால் இறைச்சியை முதலில் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். பிறகு சாய்த்து வைத்த பலகையில் பரப்பி, எல்லாப் பக்கமும் கல் உப்பைத் தூவுகிறார்கள். பொடி உப்பு கரைந்து இறைச்சிக்குள்ளே போய்விடும். பெரிய கல்லாக இருந்தால் இறைச்சியில் ஒட்டாமல் உருண்டு விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவான பருமன் வேண்டும். ஒரு மணி நேரம் உப்பு தன் வேலையைச் செய்கிறது. சிவந்த நீர் பலகையில் இறங்கி வடிகிறது. பின்பு மூன்று முறை அலசுகிறார்கள். ஒரு காலத்தில் இதை வீட்டுப் பெண்களே செய்தார்கள். இன்று பெரும்பாலும் கடையிலேயே முடித்துத் தருகிறார்கள். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் அடிக்கடி வரும் 'கோஷர் உப்பு' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

ஈரலில் ரத்தம் மிக அதிகம்; உப்புக்கு அது அடங்காது. நேரடித் தீயில் சுட்டுத்தான் ஆக வேண்டும். முட்டையைக்கூடத் தனியாக ஒரு கிளாசில் உடைத்துப் பார்க்கிறார்கள். ரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டையைக் கொட்டிவிடுவது வழக்கம்.

ஒரே வீட்டில் இரண்டு சமையலறை!

குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று தோரா சொல்கிறது. ஒரு முறை சொல்லவில்லை, மூன்று முறை! ரபிகள் அதிலிருந்து எடுத்த முடிவு மிகப் பெரியது. பாலும் இறைச்சியும் சேர்த்துச் சமைக்கக் கூடாது, சேர்த்துச் சாப்பிடக் கூடாது, அப்படிச் சேர்த்துச் சமைத்ததிலிருந்து எந்தப் பயனும் அடையக் கூடாது.

விளைவு? கோஷர் வீட்டில் எல்லாமே இரண்டு செட்! பாலுக்கு ஒரு பாத்திரம், இறைச்சிக்கு ஒரு பாத்திரம். கரண்டி, தட்டு, பாத்திரம் துலக்கும் பஞ்சு எல்லாம் தனித்தனி. வசதியுள்ள வீடுகளில் கழுவும் தொட்டியே இரண்டு. குழம்பிவிடாமலிருக்க இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம் என்று நிறம் கொடுத்து வைப்பவர்கள் நிறைய. சீஸ் பர்கர் இந்த உலகத்தில் இல்லை. இஸ்ரேலில் கோஷர் சான்று பெற்ற மெக்டொனால்ட்ஸ் கிளைகளில் அது கிடைக்காது!

இறைச்சி சாப்பிட்ட பின் பால் குடிக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? பெரும்பாலோர் ஆறு மணி நேரம். ஜெர்மானிய யூதர்களின் வழக்கம் மூன்று மணி நேரம். டச்சு யூதர்கள் ஒரே ஒரு மணி நேரம்! கல்யாணப் பேச்சின்போதே யார் வீட்டு வழக்கம் என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் போலிருக்கிறது!

இதில் கோழி எப்படி வந்தது? கோழிக்குத்தான் பாலே கிடையாதே! இந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. கலிலேயாவைச் சேர்ந்த ரபி யோசேயின் ஊரில் கோழியைப் பாலோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள் என்று தால்முத் பதிவு செய்திருக்கிறது. கோழியையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்கும் ரபிகளின் முடிவே பின்னர் எல்லா ஊரிலும் நிலைத்தது. ஏற்கப்படாத கருத்தையும் பெயரோடு பாதுகாத்து வைத்த அந்த நேர்மை கும்பிடத் தகுந்தது!

பால் பக்கமும் இல்லாமல் இறைச்சிப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்பவை பார்வே. பழம், காய், தானியம், முட்டை, மீன் எல்லாம் இந்த வகை. எதனோடும் சேரும். அதிலும் ஒரு விதிவிலக்கு: மீனும் இறைச்சியும் சேர்த்துச் சமைப்பதில்லை. அது உடம்புக்கு ஆகாது என்று தால்முத் காலத்தவர்கள் கருதினார்கள். வழக்கம் இன்றும் தொடர்கிறது.

பாதாம்பால் பக்கத்தில் ஏன் பாதாம்?

பாதாம்பால் பால் இல்லை, பருப்பிலிருந்து வந்தது. இறைச்சியோடு தாராளமாகச் சேரும். ஆனால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த ரபி மோசே இஸ்ஸர்லெஸ் பதிவு செய்த வழக்கம் இது: பாதாம்பாலில் சமைத்த கோழியைப் பரிமாறும்போது பக்கத்தில் சில பாதாம் பருப்புகளை வைத்துவிடு. சரியானதைச் செய்தால் மட்டும் போதாது, பார்ப்பவர் மனத்தில் தவறான எண்ணமும் விழக் கூடாது. எவ்வளவு பெரிய பண்பு!

நம் பக்கத்து ஊரில் இதற்கு இன்னும் ருசியான விடை இருந்தது. கொச்சி யூதர்களின் இறைச்சிக் குழம்பில் தேங்காய்ப்பால்! பசும்பால் சேர்க்க முடியாத இடத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றி, மல்லி, மஞ்சள், மிளகு மணக்க மணக்க அவர்கள் சமைத்தார்கள். விதியும் காப்பாற்றப்பட்டது, குழம்பும் கெட்டிப்பட்டது. அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். தேங்காய்ப்பால் சமையலும் அவர்களோடு போயிற்று.

கொங்கணத்தில் ஒரு மீன் தேர்வு!

மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து வந்த ஒரு சமூகம் சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திவிடும். ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி' என்றே அழைத்தார்கள். இவர்கள் யார்? அவர்களிடையே வழங்கும் மரபுக் கதையின்படி, டேவிட் ரஹாபி என்ற யூதர் அங்கே வந்தபோது பெண்களிடம் பல வகை மீன்களைக் கலந்து கொடுத்துச் சமைக்கச் சொன்னார். அவர்கள் செதிலும் துடுப்பும் உள்ள மீன்களைத் தனியே எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட்டார்கள். "நீங்கள் யூதர்கள்!" என்று அவர் கண்டுகொண்டாராம். அவர்கள்தான் பெனே இஸ்ரேல் சமூகத்தினர். எத்தனையோ மறந்துபோன பிறகும் மீன் கூடையில் கை வைத்தபோது அந்த விதி மறக்கவில்லை!

அறுபதில் ஒன்று! கோகோ கோலாவின் ரகசியம்!

இறைச்சி கொதிக்கும் சட்டியில் தவறுதலாக ஒரு சொட்டுப் பால் விழுந்துவிட்டது. என்ன செய்வது? அளவைக் கணக்கிடு. விழுந்ததைப் போல 60 மடங்கு சட்டியில் இருந்தால் அந்தச் சொட்டு கணக்கில் இல்லாமல் போய்விடும், சாப்பிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வேண்டுமென்றே சேர்க்கக் கூடாது!

இந்த ஒற்றை நிபந்தனை உலகின் மிகப் பெரிய குளிர்பான நிறுவனத்தையே அசைத்தது என்றால் நம்புவீர்களா? லிதுவேனியாவில் பிறந்த ரபி டோபியாஸ் கெஃபன், அட்லாண்டாவில் வாழ்ந்தார். கோகோ கோலா பிறந்த ஊரும் அட்லாண்டா. யூதர்கள் அதைக் குடிக்கலாமா என்று பல ஊர்களிலிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் நிறுவனத்திடம் கேட்டார். உலகமே அறிய ஏங்கிய அந்தச் சேர்மானப் பட்டியலை, ரகசியம் காக்க வேண்டும் என்ற உறுதிமொழியோடு, அவர் கையில் கொடுத்தார்கள்!

பட்டியலில் கிளிசரின் இருந்தது. அது மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது. அளவு மிக மிகச் சிறியது, அறுபதில் ஒன்றைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் தெரிந்தே சேர்த்த பொருளுக்கு அறுபதின் சலுகை கிடையாதே! கெஃபன் விட்டுக்கொடுக்கவில்லை. நிறுவனம் தாவர எண்ணெயிலிருந்து எடுத்த கிளிசரினுக்கு மாறியது. புளித்த தானியம் கூடாத பஸ்கா பண்டிகைக் காலத்துக்கு இன்னொரு சிக்கல்: தானியத்திலிருந்து வந்த ஆல்கஹாலின் சிறு தடம். அதற்கும் பீட், கரும்பு வழி மாற்று கண்டார்கள். 1935இல் கெஃபன் தன் தீர்ப்பை எழுதினார். நிறுவனத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, அந்தப் பொருட்களுக்கு மறைபெயர் வைத்தே எழுதினார்! இன்றும் பஸ்கா நெருங்கும்போது அமெரிக்கக் கடைகளில் மஞ்சள் மூடி போட்ட கோகோ கோலா வரும். சோளச் சர்க்கரைப் பாகு சேராத, பஸ்காவுக்கு உகந்த பானம் என்பதற்கு அந்த மூடியே அடையாளம்!

வட்டத்துக்குள் ஒரு 'யு'!

வெளிநாட்டு பிஸ்கட், சாக்லேட், சாஸ் பாட்டில் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு சிறு வட்டத்துக்குள் ஆங்கில 'யு' எழுத்து தெரிகிறதா? அதுதான் ஆர்த்தடாக்ஸ் யூனியன் முத்திரை. 1898இல் தொடங்கிய அந்த அமைப்பு 1920களில் ஹெய்ன்ஸ் நிறுவனத்தின் பீன்ஸ் டப்பாவில் தொடங்கி, இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்குச் சான்று தருகிறது. பக்கத்தில் 'டி' எழுத்து இருந்தால் பால் சார்ந்தது.

1912இல் பிறந்த ஓரியோ பிஸ்கட்டின் கிரீமில் பல ஆண்டுகள் பன்றிக் கொழுப்பு இருந்தது. 1990களில் அதை நீக்கி, ஆலை அடுப்புகளையெல்லாம் சுத்திகரித்து, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கோஷர் முத்திரை பெற்றார்கள். யூதக் குழந்தைகளுக்கு அது எத்தனை பெரிய திருவிழாவாக இருந்திருக்கும்!

இந்த முத்திரையைத் தேடுபவர்கள் யூதர்கள் மட்டுமில்லை. சைவ உணவுக்காரர்கள், ஹலால் கிடைக்காத இடத்தில் முஸ்லிம்கள் சிலர், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் எனப் பலரும் தேடுகிறார்கள். இந்தியாவிலிருந்து மசாலா, தேயிலை, முந்திரி ஏற்றுமதி செய்யும் ஆலைகள் பலவும் கோஷர் சான்று வாங்கி வைத்திருக்கின்றன.

சைவம் என்றால் தானாகவே கோஷரா?

இல்லவே இல்லை! சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கலாம். சிவப்பு மிட்டாயின் நிறம் கார்மைன் என்ற பூச்சிச் சாயமாக இருக்கலாம். கீரையிலும் காலிஃபிளவரிலும் புழு ஒளிந்திருக்கலாம். பூச்சி விலக்கு என்பது இவர்களுக்கு மிகக் கடுமையான விதி. அதனால் கீரையை ஒவ்வோர் இலையாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள்.

2004இல் நியூயார்க் குழாய்த் தண்ணீரில் கோப்பிபாட் என்ற நுண்ணிய உயிரிகள் இருப்பது பேச்சாயிற்று. உடலுக்குக் கெடுதல் எதுவுமில்லை. ஆனால் அவை நண்டு, இறால் குடும்பத்தைச் சேர்ந்தவை! தண்ணீரே கோஷரா என்று ரபிகள் விவாதித்தார்கள். எத்தனையோ யூத வீடுகளிலும் உணவகங்களிலும் குழாயில் வடிகட்டி ஏறியது.

பாத்திரமும் யார் சமைத்தார்கள் என்பதும் கணக்கில் உண்டு. இத்தனையையும் தாண்டி வந்த நம் ஊர் உணவு ஒன்று இருக்கிறது: தோசை! நியூயார்க் மன்ஹாட்டனின் லெக்சிங்டன் அவென்யூவில் 'மெட்ராஸ் மஹால்', 'பொங்கல்' போன்ற தென்னிந்திய சைவ உணவகங்கள் கோஷர் சான்றோடு நடந்தன. தொப்பி அணிந்த யூதக் குடும்பமும் புடவை கட்டிய தமிழ்க் குடும்பமும் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து மசால் தோசை சாப்பிட்ட தெரு அது!

மண்சட்டிக்கு மன்னிப்பில்லை, கண்ணாடிக்கு உண்டு!

பாத்திரம் சூட்டில் உணவின் சுவையை உறிஞ்சிக்கொள்கிறது. எப்படி உறிஞ்சியதோ அப்படியே வெளியேற்ற வேண்டும் என்பது விதி. கொதிநீரில் உறிஞ்சிய பாத்திரத்தைக் கொதிநீரில் அமிழ்த்த வேண்டும். நேரடித் தீயில் உறிஞ்சிய கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்ச வேண்டும். மண்பாத்திரத்துக்கு வழியே இல்லை. அது உறிஞ்சியதை முழுதாக விடாது. கண்ணாடி உறிஞ்சுவதே இல்லை என்று ஸ்பெயின் மரபில் வந்த செஃபார்தி யூதர்கள் கருதுவதால், அவர்களுக்குக் கழுவினால் போதும்.

18 நிமிடம் தாண்டினால் எல்லாம் போச்சு!

யூதர்களின் முன்னோர் எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்டபோது மாவு புளிக்க நேரமில்லை. அந்த நினைவில் பஸ்கா நாட்களில் புளித்த தானியம் வீட்டில் இருக்கவே கூடாது. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்கள் தண்ணீர் பட்டுப் புளித்தால் அது ஹமேத்ஸ்.

மாத்ஸா என்ற புளிக்காத ரொட்டி சுடும் இடத்தைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மாவும் தண்ணீரும் சேர்ந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ஒருவர் பிசைகிறார், ஒருவர் உருண்டை பிடிக்கிறார், வரிசையாக நிற்பவர்கள் தேய்க்கிறார்கள், இன்னொருவர் துளை போடுகிறார், நீளக் கழியில் சுருட்டிக் கொண்டுபோய் எரியும் அடுப்பில் விரிக்கிறார்கள். 18 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்! பிறகு மேசைக் காகிதம் மாறுகிறது, உருட்டுக்கட்டை மாறுகிறது, கை கழுவுகிறார்கள், புது மாவு வருகிறது, மறுபடியும் கடிகாரம்!

பஸ்காவுக்கு முந்தின இரவில் மெழுகுவர்த்தி, இறகு, மரக்கரண்டி சகிதம் குடும்பமே வீட்டில் ரொட்டித் துணுக்கு தேடும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்! தூக்கி எறிய முடியாத அளவு சரக்கு இருந்தால்? யூதர் அல்லாத ஒருவருக்கு முறைப்படி விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இஸ்ரேல் அரசே தன் கிடங்குகளில் உள்ள தானியத்தை ஆண்டுதோறும் ஒருவருக்குச் சட்டப்படி விற்கிறது. பல ஆண்டுகள் அப்படி வாங்கியவர் ஓர் இஸ்ரேலிய அரபுக் குடிமகன்! சில நாட்களுக்கு ஒரு தேசத்தின் தானியமெல்லாம் ஒரே மனிதரின் சொத்து!

அரிசி? ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்கள் பஸ்காவில் சோறும் பருப்பும் தொடுவதில்லை. செஃபார்தி யூதர்கள் அரிசியைப் பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒரே பண்டிகை, இரண்டு சாப்பாடு!

இறைச்சிக்காகத் தெருவில் இறங்கிய பெண்கள்!

1902 மே மாதம் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் கோஷர் இறைச்சி பவுண்டுக்கு 12 சென்டிலிருந்து 18 சென்டாக ஏறியது. ஏழை யூதப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். கடைகளைப் புறக்கணித்தார்கள், இறைச்சியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்கள், கைதானார்கள். விலை இறங்கியது!

கோஷர் கோழி ஒன்று அமெரிக்க அதிபரையே தடுத்து நிறுத்தியதும் தெரியுமா? ரூஸ்வெல்ட்டின் தொழில் மீட்புச் சட்டப்படி, வாடிக்கையாளர் கூண்டிலிருந்து விரும்பிய கோழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆனால் ஆரோக்கியமான கோழியைப் பார்த்து எடுப்பதுதானே கோஷர் வாடிக்கையாளரின் பழக்கம்! புரூக்ளினில் கோழி வியாபாரம் செய்த ஷெக்டர் சகோதரர்கள்மீது இது உட்படப் பல குற்றச்சாட்டுகளோடு வழக்கு வந்தது. 1935 மே 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டப் பகுதியையே செல்லாது என்று தீர்ப்பளித்தது!

விண்வெளியிலும் கோஷர்!

2003இல் கொலம்பியா விண்கலத்தில் பறந்த முதல் இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ராமோன் கோஷர் உணவு கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் அன்றாடம் மதச் சடங்குகளைக் கறாராகக் கடைப்பிடித்தவர் இல்லை. எல்லா யூதர்களின் சார்பாகவும் போகிறேன் என்ற உணர்வு அவரை அப்படிக் கேட்க வைத்தது. பிப்ரவரி 1 அன்று அந்தக் கலம் சிதறி ஏழு பேரும் உயிரிழந்தார்கள்.

புதிய தொழில்நுட்பமும் ரபிகளின் மேசைக்கு வருகிறது. ஆய்வகத்தில் வளர்த்த மாட்டிறைச்சியை 2023இல் இஸ்ரேலின் தலைமை ரபி டேவிட் லாவ் கோஷர் என்று அறிவித்தார். 2021இல் இம்பாசிபிள் நிறுவனத்தின் தாவரப் 'பன்றி இறைச்சி' வந்தபோதோ, சேர்மானம் சரியாக இருந்தும் ஆர்த்தடாக்ஸ் யூனியன் முத்திரை தரவில்லை. அந்தப் பெயரையே மக்களால் ஏற்க முடியாது என்று உணர்ந்து ஒதுங்கிக்கொண்டது!

எல்லா விதிக்கும் மேலே ஒரு விதி!

இவ்வளவு கறாரான விதிகளும் ஓர் இடத்தில் பணிந்து நிற்கின்றன. உயிர் ஆபத்தில் இருந்தால் எந்த உணவையும் சாப்பிடலாம். சாப்பிடலாம் என்பதைவிட, சாப்பிட்டே ஆக வேண்டும்! உயிரைக் காப்பது உணவு விதிகளைவிடப் பெரிய கட்டளை. கஷ்ருத்தின் மனிதநேயம் முழுக்க இந்த ஒரு விதியில் தெரிகிறது. வாயில் போவது எங்கிருந்து வந்தது, எந்த உயிர் போனது, யார் கை பட்டது என்று ஒவ்வொரு வேளையும் கேட்கச் சொல்லும் ஒரு வாழ்முறை, மனித உயிர் என்று வந்ததும் எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கிறது.

உங்கள் வீட்டுக்கு யூத நண்பர் வந்தால் சங்கடப்படாதீர்கள். எது ஒத்துவரும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். ஒவ்வொருவர் கடைப்பிடிக்கும் அளவு வேறு. தட்டு, கரண்டி பற்றிக் கேட்டால் தவறாக நினைக்காதீர்கள். ஒன்றும் புரியாவிட்டால் வெட்டாத முழு வாழைப்பழத்தையும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலையும் சிரித்த முகத்தோடு நீட்டுங்கள். பெரும்பாலும் அவர் மனநிறைவோடு வாங்கிக்கொள்வார்.